வீட்டுக்கு எத்தனை அடி பூல் டேபிள்? அறையை அளந்து முடிவு செய்த அனுபவம்

வீட்டில் பூல் டேபிள் (குச்சியால் பந்துகளை அடித்துக் குழிகளில் தள்ளும் ஆட்டத்தின் மேசை) போடலாம் என்று நினைக்கும் யாருமே முதலில் கேட்பது, "எத்தனை அடி டேபிள் வாங்கலாம்?" என்றுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். கிளப்பில் பல வருஷமாக 9 அடி டேபிளில் ஆடிப் பழகியவன். வீட்டிலும் அதுவே வேண்டும் என்று ஆசை. கடைசியில் வீட்டில் நிற்பது 7 அடி டேபிள். அதில் எனக்குத் துளிகூட வருத்தமில்லை. ஏன் அப்படி முடிவு செய்தேன், எந்தெந்த அளவுகள் அதற்கு உதவின என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நடுத்தர அளவு அறையை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு இது பயன்படும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 7 அடி, 8 அடி, 9 அடி என்பதெல்லாம் கூப்பிடும் பெயர்கள். அறைக்குப் பொருந்துமா என்று பார்க்க அந்தப் பெயர் போதாது. நமக்கு வேண்டியது ஆடும் பரப்பின் அளவு. ஒரு பக்கத்து குஷனின் (டேபிளின் உள்விளிம்பில் பந்து பட்டுத் திரும்பும் ரப்பர் பட்டை) நுனியிலிருந்து எதிர்ப்பக்கத்து குஷனின் நுனிவரை டேப் பிடித்தால் கிடைப்பது அது. 9 அடி டேபிளில் 100க்கு 50 இன்ச். வீடுகளில் அதிகம் பார்க்கும் 8 அடி டேபிளில் 88க்கு 44. 7 அடி என்றால் பெரும்பாலும் 78க்கு 39, சில தயாரிப்புகளில் ஒன்றிரண்டு இன்ச் குறையும். எதுவானாலும் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். 8 அடியில் 92க்கு 46 என்று கொஞ்சம் பெரிய வகையும் உண்டு. உலக பூல் சங்கத்தின் விதிகளில் 8 அடி என்று குறிப்பிடுவது இந்த அளவைத்தான். அதனால் "8 அடி டேபிள்" என்று மட்டும் சொன்னால் விட்டுவிடாதீர்கள், "குஷனிலிருந்து குஷன் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

பழைய டேபிள் பார்க்கப் போகும்போது இன்னொரு சுலபமான வழி இருக்கிறது. குஷனைத் தாங்கும் விளிம்பான ரெயில் மரத்தில் வரிசையாகப் பதித்திருக்கும் டயமண்ட் புள்ளிகள் நீளப் பக்கத்தை எட்டுச் சம பாகமாகப் பிரிக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 12.5 இன்ச் இருந்தால் 9 அடி, 11 இருந்தால் 8 அடி, 9.75 இருந்தால் 7 அடி. 11.5 வந்தால் அது மேலே சொன்ன பெரிய எட்டு.

அடுத்தது அறை. இங்கேதான் பெரும்பாலானோர் டேபிள் உள்ளே போகுமா என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். டேபிள் போய்விடும். அதைச் சுற்றி கியூ, அதாவது வெள்ளைப் பந்தை அடிக்கும் நீளமான குச்சி, போக வேண்டுமே. வழக்கமான கியூவின் நீளம் 58 இன்ச், சிலது 57. வெள்ளைப் பந்து குஷனை ஒட்டி நின்று, அதை நேர் எதிர்ப்பக்கம் அடிக்க வேண்டியிருந்தால், கியூ கிட்டத்தட்ட முழுவதுமாக டேபிளுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பின்னால் கையை இழுத்து அடிக்க இரண்டு மூன்று இன்ச்சாவது வேண்டும். ஆகவே குஷன் நுனியிலிருந்து சுவர்வரை 5 அடி, அதாவது 60 இன்ச், இருந்தால் ஆட்டம் நடக்கும். இன்னும் இரண்டு மூன்று இன்ச் கூடினால் நிம்மதி.

கணக்கு எளிது. ஆடும் பரப்பின் நீளத்தோடு இரண்டு கியூ நீளத்தைக் கூட்டுங்கள். அகலத்துக்கும் அப்படியே. 58 இன்ச் கியூவுக்கு 9 அடி டேபிள் என்றால் 18 அடிக்கு 13 அடி 10 இன்ச் அறை. 8 அடிக்கு 17 அடிக்கு 13 அடி 4 இன்ச். 7 அடிக்கு 16 அடி 2 இன்ச்சுக்கு 12 அடி 11 இன்ச். இதுவே அடிமட்டம். கையை இழுக்கும் இடம் இதில் சேரவில்லை. இந்த மூன்று வரியைப் பார்த்ததும் எனக்கு முதலில் உறைத்தது, அகலத்தில் இருக்கும் நெருக்கம். 7 அடிக்கும் 9 அடிக்கும் அறையின் அகலத் தேவையில் வெறும் 11 இன்ச்தான் வித்தியாசம். 11 அடி அகலமுள்ள அறையில் 9 அடிக்குப் பதிலாக 7 அடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தால், அது நடக்காது. அறையின் சின்னப் பக்கத்தைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

என் அறை 16 அடி 8 இன்ச்சுக்கு 13 அடி 6 இன்ச். கடைக்காரர் அளவைக் கேட்டதும், "8 அடி தாராளமா போகும் சார், சுத்தி நடக்க இடம் இருக்கும்" என்றார். நடக்க இடம் இருக்கும் என்பது உண்மைதான். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 8 அடி டேபிளை நடுவில் வைத்தால் அகலவாக்கில் ஒவ்வொரு பக்கமும் 59 இன்ச், நீளவாக்கில் ஒவ்வொரு முனையிலும் 56. கியூவைவிட 2 இன்ச் குறைவு. 7 அடி என்றால் அகலவாக்கில் 61.5, நீளவாக்கில் 61.

இரண்டு இன்ச்தானே, கியூவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அடித்தால் போகிறது என்று தோன்றும். இதைப் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மனம் ஏமாற்றும். 58 இன்ச் கியூவை 56 இன்ச் இடத்துக்குள் அடக்க வேண்டுமானால் அதைச் சுமார் 15 டிகிரி சாய்க்க வேண்டும். அது வெறுமனே அடங்குவதற்கு மட்டும். பின்னால் 4 இன்ச் இழுத்து அடிக்க வேண்டுமானால் சாய்வு 25 டிகிரியைத் தாண்டும். அந்தச் சாய்வில் கியூவின் அடிப்பகுதி பந்து மட்டத்திலிருந்து இரண்டடிக்கு மேல் உயர்ந்து, தோள்பட்டைக்கு அருகே வந்துவிடும். பந்தின் நடுவிலிருந்து மயிரிழை விலகிப் பட்டாலும் வெள்ளைப் பந்து வளைந்து ஓடும். மிஸ்கியூ, அதாவது கியூ முனை பந்தில் வழுக்கிப் போவது, கூடும். கியூ முனை துணியில் குத்தும். குஷனை ஒட்டிய பந்து அபூர்வமாக வருவதும் கிடையாது. ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை வெள்ளைப் பந்து ரெயிலருகே போய் நிற்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

காகிதக் கணக்கை நம்பி மட்டும் முடிவெடுக்க மனம் வரவில்லை. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி 88க்கு 44 கட்டம் போட்டேன். ஆனால் தரைமட்டத்தில் குனிந்து கியூ பிடிக்க முடியாதே. டேபிளின் ஆடும் தளம் தரையிலிருந்து சுமார் 30 இன்ச் உயரத்தில் இருக்கும், விதிப்படி 29.25 முதல் 31 வரை. ஆகவே அதே உயரமுள்ள ஒரு எழுதுமேசையை இழுத்துவந்து அதன் விளிம்பை டேப் கோட்டுக்கு நேராக வைத்தேன். மேசைமேல் ஒரு பந்து, கையில் என் சொந்தக் கியூ. கோட்டின் நான்கு பக்கமும் மேசையை நகர்த்தி நகர்த்தி அடிப்பதுபோல் செய்து பார்த்தேன். நீளவாக்கு முனைகளில் கியூவின் அடி சுவரில் 'டொக்' என்று மோதியது. ஜன்னல் பக்கத்தில் திரைச்சீலைக் கம்பி சுவரிலிருந்து மூன்று இன்ச் வெளியே நிற்பது அப்போதுதான் கணக்கில் வந்தது. ஸ்விட்ச் பலகை, அலமாரிக் கைப்பிடி என்று சுவரிலிருந்து துருத்தும் எதுவும் அப்படித்தான். சுவருக்குச் சுவர் அளந்தால் இவை தெரியாது. பிறகு கட்டத்தை 78க்கு 39 ஆகச் சுருக்கி அதே சோதனையைச் செய்தேன். எந்தப் பக்கத்திலும் கியூ தட்டவில்லை. திரைச்சீலைக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு ஒட்டினாற்போல் ஒரு பிளைண்ட் போட்டேன். அன்றே 7 அடி என்று முடிவாகிவிட்டது.

பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடிக்க இடம் போதுமா என்று பலர் கவலைப்படுகிறார்கள். அது சரியான சோதனை கிடையாது. பிரேக்கின்போது வெள்ளைப் பந்தைக் குஷனிலிருந்து இரண்டு டயமண்ட் தூரம்வரை முன்னால் வைக்கலாம். 8 அடி டேபிளில் அது 22 இன்ச். கியூவில் அவ்வளவு நீளம் டேபிளுக்கு மேலேயே இருந்துவிடும், பின்னால் ஓங்க இடம் தாராளமாகக் கிடைக்கும். இடத்தைக் கேட்பது குஷனை ஒட்டிய மெல்லிய அடிதான். சோதனையை அதை வைத்தே செய்யுங்கள்.

அறை கொஞ்சம் பற்றாமல் இருந்து, டேபிளை மாற்றவும் மனமில்லை என்றால் என்ன செய்வது? நண்பர் ஒருவருக்கு அந்த நிலை. அவர் போட்டிகளுக்குப் பயிற்சி எடுப்பவர், 9 அடியைத் தவிர வேறு எதையும் நினைத்துப் பார்க்க மாட்டார். அறையின் அகலம் போதும், நீளம் 17 அடி. டேபிள் நடுவில் நின்றால் இரண்டு முனைகளிலும் 52 இன்ச்தான். இரு பக்கமும் 6 இன்ச் பற்றாக்குறை. அழகுக்காக நடுவில் வைக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சாய்வுக் கணக்கு வேறு சொல்கிறது. 6 இன்ச் குறைந்தால் கியூ 26 டிகிரி சாய வேண்டும், இரண்டு முனையிலும். பற்றாக்குறை 12 இன்ச்சையும் ஒரே முனைக்குத் தள்ளினால் அங்கே 37 டிகிரி, எதிர்முனையிலோ சாய்வே தேவையில்லை. முதல் இரண்டு இன்ச்தான் மிக அதிகமான சாய்வைக் கேட்கிறது, அதற்குப் பிறகு கூடும் ஒவ்வொரு இன்ச்சுக்கும் சேரும் சாய்வு குறைந்துகொண்டே போகிறது. அதனால் பற்றாக்குறையைப் பங்கு போடுவதைவிட ஒரு பக்கத்தில் ஒதுக்குவதே நல்லது என்பது என் முடிவு. நண்பரும் டேபிளை 6 இன்ச் நகர்த்தினார். நெருக்கமான முனையின் சுவரில் 42 இன்ச் குட்டைக் கியூ ஒன்று தொங்குகிறது. அந்த முனைக்கு மட்டும் அதை எடுக்கிறார்.

குட்டைக் கியூ பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 52, 48, 42, 36 இன்ச் என்று பல நீளங்களில் கிடைக்கின்றன. ஒரு மூலைக்கு, ஒரு தூணுக்கு என்று வைத்துக்கொள்ள அருமையான பொருள். ஆனால் டேபிளைச் சுற்றி எல்லாப் பக்கமும் 48 இன்ச்தான் இடம், எல்லாரும் குட்டைக் கியூவிலேயே ஆடிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டுப் பெரிய டேபிள் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிடிக்கும் இடம், எடை நிற்கும் இடம் எல்லாம் மாறிவிடும். பழகிய அடி வீட்டில் ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி ஆகிவிடும். அதைவிட ஓர் அளவு சின்ன டேபிள், முழு நீளக் கியூ என்பது நூறு மடங்கு மேல்.

சுவர் என்றால் எல்லா இடத்திலும் தடை என்றும் இல்லை. வாசல் திறப்பு இருக்கும் இடத்தில் கியூவின் அடி வாசலுக்குள் போய்விடும். ஜன்னல் உள்ளடங்கி இருந்தால் அதுவும் லாபம். டேபிளின் முனையை அப்படிப்பட்ட திறப்புக்கு நேராக வைக்க முடியுமா என்று பாருங்கள். ரெயிலைவிடத் தாழ்ந்த பெஞ்சுக்கு மேலே கியூ தடையில்லாமல் போகும், உயரமான ஸ்டூல்தான் தொந்தரவு. அறையின் நான்கு மூலைகளிலும் இடம் எப்போதும் மிஞ்சும். பக்கவாட்டில் 58 இன்ச் இருந்தால், டேபிளின் மூலைப் பாக்கெட்டிலிருந்து (பந்து விழும் குழி) அறை மூலைவரை குறுக்காக 80 இன்ச்சுக்கு மேல் வரும். கியூ மாட்டும் சட்டம், ஸ்டூல், சின்ன அலமாரி எல்லாவற்றையும் மூலைகளுக்குத் தள்ளிவிட்டால் ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. என் வீட்டில் சுவர் நடுவே மாட்டியிருந்த கியூ சட்டத்தை இப்படித்தான் மூலைக்கு மாற்றினேன்.

சரி, ஆட்டம்? 7 அடியில் ஆடினால் ஆட்டம் கெட்டுவிடும் என்று கிளப் நண்பர்கள் சொன்னார்கள். பந்து எல்லா அளவிலும் ஒன்றுதான், 2.25 இன்ச் விட்டம். பரப்பளவில் 9 அடி டேபிள் 7 அடியைவிட அறுபது சதவீதத்துக்கு மேல் பெரியது. ஆகவே 7 அடியில் அதே பதினாறு பந்துகள் நெருக்கியடித்து நிற்கும். தூரத்து அடி சுலபமாகிறது, உண்மைதான். ஆனால் நெருங்கி நிற்கும் பந்துகளைப் பிரிப்பதும், அடுத்த அடிக்கு வெள்ளைப் பந்தைச் சின்ன இடத்தில் நிறுத்துவதும் கடினமாகிறது. எனக்கு இந்த இரண்டாவது திறமை 7 அடிக்கு வந்த பிறகுதான் மெருகேறியது. அமெரிக்காவில் அமெச்சூர் லீக் ஆட்டங்கள் பெருமளவு 7 அடி டேபிளிலேயே நடக்கின்றன. தொழில்முறைப் போட்டிகள் 9 அடியில். நீங்கள் எந்த டேபிளில் போட்டி ஆடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இதற்கு எடை கொடுங்கள். வீட்டு ஆட்டம்தான் முதன்மை என்றால் அளவைப் பற்றிய இந்தக் கவலையே வேண்டாம்.

பாக்கெட்டின் வாய் அகலம் அளவைவிட முக்கியம் என்று கூடச் சொல்வேன். மூலைப் பாக்கெட் 4.5 இன்ச் உள்ள 7 அடி டேபிள், 5 இன்ச் உள்ள 8 அடி டேபிளைவிட ஒழுங்கான பயிற்சி தரும். அப்புறம், பிரிட்டிஷ் பாணி பூல் டேபிளும் 7 அடி என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதற்குப் பந்து 2 இன்ச், பாக்கெட்டின் ஓரங்கள் உருண்டு வளைந்திருக்கும். அது தனி ஆட்டம். எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வீட்டில் யார் ஆடப் போகிறார்கள் என்பதும் அளவைத் தீர்மானிக்கும். என் மகள் உயரம் கம்மி. கிளப் டேபிளில் நடுப்பகுதிப் பந்தை எட்ட ஒவ்வொரு முறையும் கியூவைத் தாங்கிக்கொள்ளும் பிரிட்ஜ் குச்சியைத் தேடுவாள், இரண்டு ஆட்டத்தில் சலித்துவிடும். வீட்டில் அதே பந்தை ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே எட்டிவிடுகிறாள். என் அப்பாவுக்கு முதுகு அவ்வளவு குனியாது. அவரும் 7 அடியில் சிரமமில்லாமல் ஆடுகிறார்.

எடையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நல்ல டேபிளின் தளம் ஸ்லேட் கல். வீட்டு டேபிள்களில் அது பெரும்பாலும் மூன்று துண்டுகளாக வரும். 8 அடியில் 1 இன்ச் கனத் துண்டு ஒவ்வொன்றும் 70 கிலோ அளவுக்கு இருக்கும். காசு போட்டு ஆடும் வகை 7 அடி டேபிள்களில் ஸ்லேட் ஒரே துண்டு, அதைப் படிக்கட்டில் திருப்புவது பெரும்பாடு. வாசல், படிக்கட்டுத் திருப்பம், மாடித் தளத்தின் தாங்கும் திறன் மூன்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மாடியில் மரத்தளம் என்றால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பொருத்த வந்தவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சட்டத்தின் மேல் மூன்று கற்களையும் வைத்து, மட்டம் பார்க்கும் கருவியை இணைப்புக்குக் குறுக்கே வைப்பார். குமிழி ஒரு கோடு நகர்ந்தாலும் கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே சீட்டுக்கட்டுச் சீட்டு கனத்தில் ஒரு செருகல். மறுபடி பார்ப்பார். விரல் நகத்தை இணைப்பின் மேல் குறுக்கே ஓட்டுவார், நகம் தட்டினால் மறுபடி செருகல். எல்லாம் மட்டமான பிறகு தேன்மெழுகை உருக்கி இணைப்பில் ஊற்றி, ஆறியதும் தகட்டால் வழித்தெடுத்தார். அப்புறம்தான் துணி. கேட்டதற்கு, "டேபிளை நகர்த்தணும்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லுங்க சார். இதுக்கப்புறம் நகர்த்தினா மட்டம் எல்லாம் திரும்பப் பார்க்கணும்" என்றார். கால்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் முன்பே குறித்து வைத்திருந்தது அப்போது கை கொடுத்தது.

விளக்கை டேபிள் நின்ற பிறகு மாட்டுங்கள். அறையின் நடுவும் டேபிளின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, விளக்கு டேபிளின் நடுவுக்கு நேராகத் தொங்க வேண்டும். தளத்திலிருந்து 32 முதல் 36 இன்ச் உயரம் வீடுகளில் வழக்கம். போட்டி விதிகளில் ஒதுக்கி நகர்த்தக்கூடிய விளக்கு 40 இன்ச்சுக்குக் கீழே வரக் கூடாது, நிலையாகப் பொருத்தியது என்றால் 65. தளத்தின் எல்லா இடத்திலும் குறைந்தது 520 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்கிறது அந்த விதி. நான் 36 இன்ச்சில் மாட்டியிருக்கிறேன். நிமிர்ந்து நிற்கையில் கண் கூசுவதில்லை, மூலைப் பாக்கெட்டுகளிலும் நிழல் விழுவதில்லை. நான்கைந்து வருஷத்தில் வீடு மாறும் எண்ணம் இருந்தால் விளக்கையும் கழற்றி எடுத்துப் போகும்படி மாட்டிக்கொள்ளுங்கள். டேபிளைப் பிரித்து மறுபடி பூட்டும்போது பழைய துணி பல சமயம் மறுபயனுக்கு வராது, புதுத் துணிக்கும் சேர்த்தே செலவை யோசித்து வைக்க வேண்டும்.